உங்கள் தொட்டியில் இருப்பது எந்த விலாங்கு? கடல்மீன் வளர்ப்பு: வாசகர் கேள்வி பதில்

இம்மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேற்பட்டவை விலாங்குகளைப் பற்றியவை. அவற்றைச் சேர்த்துப் படித்தபோது ஒன்று தெளிவாகத் தெரிந்தது. எழுதியவர்களில் பலருக்குத் தங்களிடம் இருப்பது எந்த வகை என்பதே தெரியவில்லை. கடைக்காரர் சொன்ன பெயரை நம்பியே உப்பையும் உணவையும் தொட்டியின் அளவையும் தீர்மானித்திருக்கிறார்கள். ஆகவே இந்த மாதப் பகுதி முழுவதையும் விலாங்குகளுக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: ஐயா, ஒரு மீன்கடையில் ‘ஸ்னோஃபிளேக் ஈல்’ என்று எழுதி ஒட்டியிருந்த தொட்டியிலிருந்து ஓரடி நீளமுள்ள விலாங்கு ஒன்றை வாங்கினேன். கடையில் அதை உப்பில்லாத சாதாரணத் தண்ணீரில்தான் வைத்திருந்தார்கள். உடல் சாம்பலும் பழுப்பும் கலந்த நிறம். மேலே மஞ்சள் பொடி தூவியதுபோல் சிறுசிறு புள்ளிகள். படங்களில் காணும் ஸ்னோஃபிளேக் ஈல் வெள்ளையும் கருப்புமாக இருக்கிறது. என்னிடம் இருப்பது அதன் குட்டியா, வேறு மீனா? என் கடல்நீர்த் தொட்டியில் இதை விடலாமா?
(வாசகர், ஜெலுத்தோங், பினாங்கு)

பதில்: நீங்கள் எழுதியிருக்கும் வருணனையைப் பார்த்தால் அது வேறு மீன் என்றே சொல்ல வேண்டும். இரண்டும் மொரே விலாங்குக் குடும்பத்தைச் சேர்ந்தவைதாம். தமிழகக் கடலோரத்தில் அஞ்சாலை என்று அழைக்கப்படும் குடும்பம் அது. ஆனால் கடல்நீர்த் தொட்டிக்காரர்கள் ஸ்னோஃபிளேக் என்று சொல்வது எக்கிட்னா நெபுலோசா என்ற பவளப்பாறை மீனை. உங்களிடம் இருப்பது பெரும்பாலும் ஜிம்னோதோராக்ஸ் டைல் என்ற கழிமுக மீன். ஆற்று நீரும் கடல் நீரும் கலக்கும் சேற்றுப் பகுதிகளில் வாழும் இந்த மீனைப் பிடித்து, ‘நன்னீர் ஸ்னோஃபிளேக்’ என்று பெயர் சூட்டிச் சாதாரணத் தண்ணீரில் விற்கும் வழக்கம் பல நாடுகளில் இருக்கிறது. நன்னீரில் சில வாரங்களோ சில மாதங்களோ அது தாக்குப்பிடிக்கும். பிறகு உணவை மறுத்து மெலிந்து போகும். அதை வைத்து ‘விலாங்கு வளர்ப்பது கடினம்’ என்று முடிவுக்கு வந்தவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். மீனின் மேல் எந்தக் குறையும் இல்லை, தண்ணீர்தான் தவறு.

உறுதி செய்துகொள்ள விளக்கொளியில் அருகே நின்று பாருங்கள். உண்மையான ஸ்னோஃபிளேக்கின் உடல் வெள்ளை அல்லது வெளிர் சாம்பல் நிறம். பக்கவாட்டில் மையைக் கொட்டிக் கிளைவிட்டுப் பரவியதுபோல் இரண்டு வரிசைக் கருந்திட்டுகள் இருக்கும். அந்தத் திட்டுகளுக்குள்ளேயே மஞ்சள் புள்ளிகள் தெரியும். கண்ணும் மஞ்சள், மூக்கு நுனியிலிருந்து நீளும் சிறு குழல்களும் நல்ல மஞ்சள். அந்த மூக்குக் குழல்களின் நிறம்தான் எனக்கு மிக எளிய அடையாளம். வாயைத் திறக்கும்போது பற்களையும் கவனியுங்கள். நண்டு, இறால் ஓடுகளை நொறுக்கி உண்ணும் மீன் என்பதால் ஸ்னோஃபிளேக்கின் பற்கள் கூழாங்கல் போல் மழுங்கியிருக்கும். உங்கள் மீனுக்கோ பற்கள் ஊசிபோல் கூர்மையாக இருக்கும். அது சிறு மீன்களையும் பிடித்துத் தின்னும்.

அதை நேராகக் கடல்நீர்த் தொட்டிக்கு மாற்றிவிடாதீர்கள். தனித் தொட்டியில் வைத்து, கடல் உப்புக் கலவையைக் கொண்டு, நீரின் உப்பளவைக் காட்டும் ஒப்படர்த்தி வாரத்திற்கு 0.002 அளவில் மட்டும் உயரும்படி நீரை மாற்றிக்கொண்டே வாருங்கள். சாப்பாட்டு உப்பு இதற்கு உதவாது. மீன் தாங்கிக்கொண்டாலும், வடிகட்டியில் வளர்ந்து அமோனியாவைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் திடீர் உப்பைத் தாங்கமாட்டா. அவை மடிந்தால் அமோனியா ஏறி மீனும் போய்விடும். 1.010க்கும் 1.015க்கும் இடையில் நிறுத்தினால் இந்த மீன் நன்றாக வாழும். முழு வளர்ச்சியில் ஏறக்குறைய 60 சென்டிமீட்டர் நீளம் பெறும். உப்பை அளக்கும் கருவியைப் பற்றியும் ஒரு வார்த்தை: முள் ஆடும் மலிவான பிளாஸ்டிக் ஹைட்ரோமீட்டரில் ஒரு சிறு காற்றுக் குமிழ் முள்ளில் ஒட்டிக்கொண்டாலும் அளவு தவறாகக் காட்டும். அவ்வப்போது சரிபார்த்து வைத்த ரிஃப்ராக்டோமீட்டர் ஒன்று வாங்குவது செலவல்ல, சேமிப்பு.

கடையில் இன்னொரு பெயர்க்குழப்பமும் நேர்வதுண்டு. வெள்ளை உடலில் கருந்திட்டுகள் நெருக்கமாக அமைந்து, இடையிலுள்ள வெள்ளைக் கோடுகள் தேன்கூட்டின் அறைகளைப் போலத் தெரிந்தால், அது ஜிம்னோதோராக்ஸ் ஃபாவஜினியஸ். ஓரடிக் குட்டியாக அழகாகத்தான் இருக்கும். ஆனால் அது 3 மீட்டர் வரை வளரக்கூடியது. அதற்குரிய தொட்டி எந்த வீட்டு வரவேற்பறையிலும் அமையாது.

கேள்வி: வணக்கம் ஐயா. என் கணவர் ஆசையாக வாங்கி வந்த ஸ்னோஃபிளேக் ஈல் பன்னிரண்டு நாளாக எதையும் தின்னவில்லை. பாறை இடுக்கில் தலையை மட்டும் நீட்டிக்கொண்டு, மூச்சுத் திணறுவதுபோல் வாயைத் திறந்து திறந்து மூடுகிறது. பிள்ளைகள் அது செத்துவிடும் என்று அழுகிறார்கள். கடிக்க வருவதுபோலவும் இருக்கிறது. என்ன செய்வது?
(வாசகி, பட்டர்வொர்த்)

பதில்: சகோதரி, முதலில் பிள்ளைகளிடம் சொல்லுங்கள்: அது திணறவும் இல்லை, மிரட்டவும் இல்லை, மூச்சு விடுகிறது. பெரும்பாலான மீன்களுக்குக் கன்னத்தில் செவுள் மூடி இருக்கும். அது அசைந்து நீரைச் செலுத்தும். மொரே விலாங்குக்குத் தலைக்குப் பின்னே பக்கத்திற்கு ஒன்றாக வட்டமான சிறு துளை மட்டுமே உண்டு. ஆகவே வாயைத் திறந்து மூடித்தான் செவுள் வழியே நீரைத் தள்ள வேண்டியிருக்கிறது. சீரான தாளத்தில் இது நடந்தால் கவலையில்லை. வழக்கத்தை விட மிக வேகமாக நடந்தாலோ, மீன் இடுக்கைவிட்டு வெளியே வந்து நீர்மட்டத்திற்கு அருகில் தொங்கினாலோ, உடனே அமோனியாவையும் நைட்ரைட்டையும் சோதியுங்கள். இரண்டும் பூஜ்யமாக இருக்க வேண்டும்.

புதிய இடத்திற்கு வந்த விலாங்கு ஒன்றிரண்டு வாரம் பட்டினி கிடப்பது இயல்பு. நல்ல உடற்கட்டுடன் இருக்கும் மீன் அதற்கு மேலும் தாங்கும். அது மறைந்திருக்கப் போதிய இடமில்லாவிட்டால் பட்டினி நீளும். எனவே உடல் முழுவதும் உள்ளே அடங்கும்படி ஒரு பிவிசி குழாயைப் பாறைகளுக்குள் செருகி வையுங்கள். விளக்கை அணைத்து, வீடு அடங்கிய பிறகு உணவு கொடுங்கள். விலாங்குக்குக் கண்பார்வை குறைவு, மோப்பம் மிக வலிமையானது. சந்தையில் வாங்கிய இறாலை, உப்பும் மசாலாவும் படாமல், சில நாள் உறையவைத்துப் பிறகு இளகவைத்து, மீனின் வாய்க்கு அடங்கும் துண்டாக நறுக்கிக்கொள்ளுங்கள். நீண்ட இடுக்கியில் பிடித்து இடுக்கின் வாயிலுக்கு முன்னால் மெல்ல ஆட்டுங்கள். அந்த மஞ்சள் மூக்குக் குழல்கள் முதலில் நிமிரும். தலை இடமும் வலமும் தடுமாறித் தேடும். இரண்டு முறை பக்கத்தில் கடித்து ஏமாறும். மூன்றாவது முறை பிடித்துக்கொள்ளும். அதுவரை இடுக்கியை அசைக்காமல் பொறுத்திருங்கள்.

பிடித்தபின் நடப்பது உங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லத்தக்கது. பெரும்பாலான மீன்கள் வாயை விரித்து நீரோடு சேர்த்து இரையை உறிஞ்சி விழுங்குகின்றன. பாறை இடுக்கில் வாழும் மொரே விலாங்கு அப்படித் தலையை விரிக்க இயலாது. அதற்குத் தொண்டைக்குள் இரண்டாவது தாடை ஒன்று இருக்கிறது. முன்தாடை இரையைப் பிடித்ததும் உள்தாடை முன்னோக்கிப் பாய்ந்து கவ்வி, உணவுக்குழலுக்குள் இழுத்துச் செல்கிறது. கலிபோர்னியாவில் ரீட்டா மேத்தா, பீட்டர் வெயின்ரைட் என்ற இரு ஆய்வாளர்கள் அதிவேகப் படப்பதிவின் துணையோடு இதை 2007-ஆம் ஆண்டில் விளக்கிக் காட்டினார்கள். தொட்டியில் உணவு ஒரு நொடியில் மறைவதற்கு அதுவே காரணம்.

சாப்பிடத் தொடங்கியபின் குட்டிக்கு ஒருநாள் விட்டு ஒருநாள், வளர்ந்ததற்கு வாரத்தில் இரண்டு முறை போதும். இறாலையே எப்போதும் கொடுக்காமல், கணவாய், கடல்மீன் துண்டு, நண்டு என்று மாற்றிக் கொடுங்கள். சில பச்சை இறால்களிலும் மீன்களிலும் உள்ள ஒரு நொதி, வைட்டமின் பி1-ஐ அழித்துவிடும். தங்கமீன் போன்ற நன்னீர் மீன்களை உயிரோடு போடும் வழக்கத்தை அறவே விட்டுவிடுங்கள். தின்னாமல் விட்ட துண்டை ஒரு மணி நேரத்திற்குள் எடுத்துவிட வேண்டும்; நம் ஊர் வெப்பத்தில் அது அழுகத் தொடங்கினால் நீர் விரைவில் கெடும்.

ஸ்னோஃபிளேக் வேண்டுமென்று கடிக்காது. ஆனால் இறால் வாசனையுள்ள விரலுக்கும் இறாலுக்கும் அதற்கு வேறுபாடு தெரியாது. பிள்ளைகள் கையை நீருக்குள் விடக்கூடாது. கடித்துவிட்டால் வெடுக்கென்று இழுக்காதீர்கள், சதை கிழியும். அது விட்டபின் ஓடும் நீரில் சோப்புப் போட்டு நன்றாகக் கழுவி, மருத்துவரிடம் காட்டுங்கள்.

கேள்வி: நான் பன்னிரண்டாவது மாடியில் வசிக்கிறேன். நான்கடித் தொட்டி, கீழே சம்ப் (வடிகட்டும் துணைத்தொட்டி), இரண்டு கோமாளி மீன்கள், இரண்டு துப்புரவு இறால்கள் உள்ளன. ஸ்னோஃபிளேக் விலாங்கு சேர்க்க விரும்புகிறேன். கண்ணாடி மூடி போட்டால் தண்ணீர் சூடாகிறது, போடாவிட்டால் மீன் குதித்துவிடும் என்கிறார்கள். எது சரி?
(வாசகர், செந்தூல், கோலாலம்பூர்)

பதில்: இரண்டும் சரி. அதனால்தான் மூடியைப் பற்றி நீளமாக எழுதப்போகிறேன். வீட்டில் வளரும் விலாங்குகள் நோயால் சாவதைவிடத் தொட்டியைவிட்டு வெளியேறிச் சாவதே அதிகம் என்பது என் அனுபவம்.

என் முதல் ஸ்னோஃபிளேக்கை நான் இழந்ததும் அப்படியே. மூடி இருந்தது, மூடியின் மூலையில் குழாய்க்காக வெட்டிய துளையில், குழாயைச் சுற்றி இரண்டு விரல் அளவு இடைவெளியும் இருந்தது. காலையில் எழுந்து பார்த்தபோது தொட்டி வெறுமையாக இருந்தது. பாறை ஒவ்வொன்றாகப் புரட்டிய பிறகுதான் தரையைத் தேடத் தோன்றியது. தொட்டிக்கும் சுவருக்கும் இடையில், ஒயர்களுக்கு அடியில், பழைய தோல்வாரைப் போல் விறைத்துக் கிடந்தது. உடலின் நிறமெல்லாம் மங்கியிருக்க, மூக்குக் குழல்களின் மஞ்சள் மட்டும் அப்படியே இருந்தது. அந்த மஞ்சளை நான் இன்னும் மறக்கவில்லை. விலாங்கின் தலை நுழையும் இடத்தில் உடல் முழுவதும் நுழையும் என்பதை எனக்கு யாரும் அன்று சொல்லவில்லை. இன்று உங்களுக்கு நான் சொல்கிறேன்.

கோலாலம்பூரில் பிற்பகலில் அறையின் வெப்பமே 30 பாகையைத் தாண்டும். பம்பும் விளக்கும் அதற்குமேல் சேரும். விலாங்குக்கு ஏற்றது 24 முதல் 27 பாகை. நிரந்தரமான தீர்வு, நீரைக் குளிர்விக்கும் சில்லர்தான். அதை வாங்க இயலாவிட்டால் விலாங்கைத் தள்ளிப்போடுங்கள் என்பதே என் கருத்து. சில்லர் இருந்தாலும் முழுக் கண்ணாடி மூடி தேவையில்லை. அலுமினியச் சட்டத்தில் நெருக்கமான பிளாஸ்டிக் வலையை இழுத்துக் கட்டி, நான்கு பக்கமும் கவ்விகளால் இறுக்குங்கள். வெப்பமும் வெளியேறும், காற்றும் நுழையும். சதுரக் கட்டங்கள் கொண்ட விளக்குத் தட்டியைச் சிலர் பயன்படுத்துகிறார்கள். அதன் கட்டத்தில் குட்டி விலாங்கு நுழைந்துவிடும். வலையைச் சும்மா மேலே வைத்தாலும் பயனில்லை. விலாங்கு மூக்கால் முட்டித் தூக்கும். குழாயும் ஒயரும் போகும் ஒவ்வொரு துளையையும் நுரைப்பஞ்சுத் துண்டால் இறுக அடையுங்கள். சம்புக்கு நீர் வழியும் ஓவர்ஃப்ளோ பெட்டியின் வாயிலும், பம்பு நீரை உறிஞ்சும் முனையிலும் வலைமூடி வேண்டும். ஒருவேளை மீன் தரையில் கிடப்பதைக் கண்டு, தோல் இன்னும் ஈரமாக இருந்தால், செத்துவிட்டது என்று முடிவு செய்யாமல் தொட்டியின் நீரிலேயே விடுங்கள். வழுவழுப்பான தோலின் ஈரத்தால் விலாங்குகள் வியக்கத்தக்க நேரம் தாங்கிப் பிழைப்பதுண்டு.

வலைமூடியால் நீர் அதிகமாக ஆவியாகும். ஆவியாவது நீர் மட்டுமே. உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும். ஆகவே குறைந்த மட்டத்தை உப்புநீரால் நிரப்பாமல், ஆர்.ஓ. வடிகட்டியில் எடுத்த நன்னீரால் நாள்தோறும் நிரப்ப வேண்டும். உங்கள் தொட்டியின் ஒப்படர்த்தி 1.023க்கும் 1.025க்கும் இடையில் நிற்கட்டும். கிள்ளான் பள்ளத்தாக்கில் நீர் விநியோகம் தடைப்படும் நாள்கள் நமக்குப் புதிதல்ல. இரண்டு மூடிய பீப்பாய்களில் நீர் சேமித்து வையுங்கள். இடிமழையில் மின்சாரம் போனால் பேட்டரியில் ஓடும் காற்று பம்பு ஒன்று கைவசம் இருக்கட்டும்.

நான்கடித் தொட்டியில் ஏறக்குறைய 250 லிட்டர் நீர் நிற்கும். ஒரு ஸ்னோஃபிளேக்குக்கு அதையே நான் குறைந்தபட்ச அளவாகக் கொள்வேன், ஏனெனில் தொட்டியில் அது இரண்டடிக்கு மேல் வளரும். பாறைகளை மணலின் மீது அல்லாமல் தொட்டியின் அடித்தளத்தில் நேராக அமர்த்தி, அதன் பிறகே மணலைப் பரப்புங்கள். விலாங்கு தோண்டும்போது பாறை சரிந்தால் மீனும் நசுங்கும், கண்ணாடியும் உடையும். இறைச்சி தின்னும் மீன் என்பதால் கழிவு மிகுதி. கழிவை நுரையாகத் திரட்டி அகற்றும் நல்ல புரோட்டீன் ஸ்கிம்மரும் வாரந்தோறும் பத்தில் ஒரு பங்கு நீர் மாற்றமும் இன்றியமையாதவை.

துப்புரவு இறால்களை வேறு தொட்டிக்கு மாற்றிவிடுங்கள். இறாலும் நண்டும் ஸ்னோஃபிளேக்கின் இயல்பான உணவு. ஓராண்டு ஒற்றுமையாக வாழ்ந்த இறாலும் ஓர் இரவில் காணாமல் போகும். கோமாளி மீன்கள் விலாங்கின் வாய்க்கு அடங்காத அளவில் இருந்தால் பெரும்பாலும் ஆபத்தில்லை. செம்பு கலந்த மருந்துகளை இனி இந்தத் தொட்டியில் ஊற்ற வேண்டாம். செதிலற்ற விலாங்குகளுக்கு அவை ஒத்துக்கொள்வதில்லை.

கேள்வி: நீல உடலும் மஞ்சள் விளிம்பும் கொண்ட ரிப்பன் ஈல் ஒன்றைப் பார்த்தேன். விலை கட்டுப்படியாகிறது. வாங்கலாமா?
(வாசகர், கிள்ளான்)

பதில்: வேண்டாம். ரினோமுரேனா குவேசிட்டா என்ற அந்த மீன் கண்கொள்ளா அழகு. இளமையில் கருப்பாக இருந்து, வளர்ந்த ஆணாகும்போது நீலமாகி, பின்னர் பெண்ணாக மாறி மஞ்சளாகும் வாழ்க்கை அதனுடையது. ஆனால் தொட்டிக்கு வந்தபின் அவற்றில் பெரும்பாலானவை உணவைத் தொடாமலே மெலிந்து சாகின்றன. கடைக்காரர் உங்கள் கண்முன்னே, உறைந்த உணவை அதற்கு ஊட்டிக் காட்ட முடிந்தால் மட்டும் மறுபடி எழுதுங்கள்.

கேள்வி: ஐயா, நான் படிவம் ஐந்து மாணவன். கெடா கடலில் உள்ள பாயார் தீவுக்குச் சென்றபோது, கருப்பு வெள்ளை வளையங்கள் கொண்ட ஒன்று மணலில் நெளிந்து போவதைப் பார்த்தேன். அப்பா பாம்பு என்றார், படகுக்காரர் மீன் என்றார். மீன் என்றால் அதைப் பிடித்து வளர்க்கலாமா?
(மாணவர், பாயான் லெப்பாஸ், பினாங்கு)

பதில்: தம்பி, ‘பாம்புக்குத் தலையும் மீனுக்கு வாலும் காட்டும்’ என்று விலாங்கைப் பற்றி நம்மவர்கள் சொல்வார்கள். நீ பார்த்ததைப் பொறுத்தவரை வாலைப் பார்த்துத்தான் தீர்மானிக்க வேண்டும். வளையமுள்ள கடற்பாம்பின் வால் துடுப்புப் போலப் பக்கவாட்டில் தட்டையாக இருக்கும். உடலில் செதில்கள் உண்டு. மூச்சு விட அவ்வப்போது நீர்மட்டத்திற்கு வரும். வளையமுள்ள ‘பாம்பு விலாங்கு’ என்ற மீனின் வாலோ கூர்மையாகவும் கடினமாகவும் முடியும். அந்த வாலால் குத்தி மணலுக்குள் பின்புறமாகவே புதைந்துகொள்ளும். அதற்குச் செதில் இல்லை. முதுகின் நெடுக, தலையருகிலிருந்தே, தாழ்வான துடுப்பு ஒன்று ஓடும். நச்சுப் பாம்பின் தோற்றத்தை ஒத்திருப்பதால் பிற மீன்கள் அதை நெருங்கத் தயங்கும் என்று கருதப்படுகிறது. அறிவியல் பெயர்களிலும் இந்த ஒற்றுமை பதிவாகியிருக்கிறது: பாம்பு லாட்டிகாடா கொலுப்ரினா, விலாங்கு மிரிக்திஸ் கொலுப்ரினஸ்.

பிடிப்பதற்கு இரண்டு தடைகள் உள்ளன. பாயார் தீவைச் சுற்றியுள்ள கடல், 1985-ஆம் ஆண்டு மீன்வளச் சட்டத்தின் கீழ்ப் பாதுகாக்கப்பட்ட கடல் பூங்கா. அங்கிருந்து எதையும் எடுக்க அனுமதியில்லை. இரண்டாவது, அந்தப் பாம்பின் நஞ்சு மிகக் கொடியது; நீருக்கடியில் ஒரு கணம் பார்த்து இரண்டையும் பிரித்தறியப் பழகியவர்களே தவறிவிடக்கூடும். அடுத்த முறை போகும்போது நீருக்கடியில் படமெடுக்கும் கருவி கிடைத்தால் கொண்டு போ. தள்ளி மிதந்தபடி வாலின் நுனியைப் படமெடுத்து அனுப்பு. எது என்று சொல்கிறேன்.